ஆங்கிலத்தில் ஒரே பொருள் தரும் சொற்களை ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாக எழுதிவிடலாமா?

கேள்வி: மாலைவகுப்பு

அனைவருக்கும் வணக்கம். நான் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் வீட்டிலேயே ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளின் தொடக்கத்திலேயே ஒத்த பொருள் சொல்லையும் எதிர்ச்சொல்லையும் தேர்ந்தெடுக்கும் ஒரு மதிப்பெண் வினாக்கள் வந்துவிடுவதால், பாடங்களில் உள்ள அருஞ்சொற்களைப் பிள்ளைகள் பட்டியலாகவே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். மதிப்பெண்ணும் குறையாமல் கிடைக்கிறது. அதே பிள்ளைகள் சொந்தமாக ஒரு கட்டுரை எழுத உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

மழைக்காலத்தைப் பற்றி எழுதச் சொன்னபோது, முதல் வரியில் ‘ஹெவி ரெயின்’ என்று சரியாக எழுதிய ஒரு மாணவி, அதே சொல் மறுபடியும் வரக் கூடாது என்பதற்காக அடுத்த வரியில் ‘வெயிட்டி ரெயின்’ என்று எழுதியிருந்தாள். இன்னொரு மாணவன், தன் தாத்தாவை ‘ஓல்ட் மேன்’ என்று சொல்வது மிகவும் சாதாரணமாக இருக்கிறதென்று எண்ணி, அவரை ‘ஏன்ஷியன்ட் மேன்’ ஆக்கிவிட்டான். இரண்டும் பிழை என்று என்னால் சொல்ல முடிகிறது. ஆனால் ஏன் பிழை என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், “அப்படிச் சொல்லும் வழக்கமில்லை” என்பதற்கு மேல் விளக்கம் தர இயலவில்லை. கைப்பேசியில் தேடிப் பார்த்தாலும் ‘ஹெவி’க்கு நேராக ‘வெயிட்டி’ என்றும், ‘ஓல்ட்’டுக்கு நேராக ‘ஏன்ஷியன்ட்’ என்றும்தான் காட்டுகிறது.

ஒரே பொருள் என்று அகராதியே சொல்லும் இரண்டு சொற்களில் எதை எங்கே எழுத வேண்டும் என்று தீர்மானிப்பது எப்படி? ஒரே பொருளுக்கு ஆங்கிலத்தில் இத்தனை சொற்கள் ஏன் இருக்கின்றன? ஒரு சொல்லை ஒரே பத்தியில் இரண்டு முறை எழுதினால் அது உண்மையிலேயே குற்றமா? பிள்ளைகளுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வதற்கு ஏற்ற விளக்கம் கிடைத்தால் பெரிதும் உதவியாக இருக்கும்.


மறுமொழி: நிகண்டுப்பிரியன்

வணக்கம் ஐயா. ‘ஒரே பொருள்’ என்று நாம் சொல்லிக் கொடுப்பதிலேயே பாதிச் சிக்கல் இருக்கிறது. பெரும்பாலான சொற்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் உண்டு. இரண்டு சொற்களை ஒத்த பொருள் சொற்கள் என்று அகராதி சொல்லும்போது, அவை ஏதோ ஒரு பொருளில் சந்தித்துக்கொள்கின்றன என்று மட்டுமே அதற்கு அர்த்தம். எல்லாப் பொருள்களிலும் ஒன்றாகவே நடக்கின்றன என்று அர்த்தமில்லை. ‘ஹெவி’ என்ற சொல் எடை மிகுந்த பெட்டியைக் குறிக்கும். கடுமையாகப் பெய்யும் மழையைக் குறிக்கும். நெரிசலான போக்குவரத்தையும், ஓயாமல் புகைபிடிக்கும் மனிதரையும்கூடக் குறிக்கும். ‘வெயிட்டி’ என்ற சொல்லோ எடையிலும், அதிலிருந்து பிறந்த ‘முக்கியத்துவம் வாய்ந்த’ என்னும் பொருளிலும் மட்டுமே நிற்கிறது. எனவே ஒரு தடித்த புத்தகத்தையோ, ஆழ்ந்து ஆராய வேண்டிய ஒரு பிரச்சினையையோ ‘வெயிட்டி’ என்று சொல்லலாமே தவிர, மழை அந்தச் சொல்லின் எல்லைக்குள் வருவதே இல்லை.

தாத்தாவைப் பொறுத்தவரை உங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே படித்து வைத்திருக்கும் எதிர்ச்சொற்களையே சோதனையாகப் பயன்படுத்தலாம். தாத்தாவுக்குப் பொருந்தும் ‘ஓல்ட்’டின் எதிர்ச்சொல் என்ன என்று கேளுங்கள். ‘யங்’ என்பார்கள். ‘ஏன்ஷியன்ட்’டின் எதிர்ச்சொல் என்ன என்று கேட்டால் ‘மாடர்ன்’ என்பார்கள். எதிர்ச்சொற்கள் வெவ்வேறாக வந்துவிட்டதால், அந்த வாக்கியத்தில் இரண்டு சொற்களும் ஒன்றுக்கொன்று ஈடாகா என்பது அவர்களுக்கே விளங்கிவிடும். பழைய நண்பர் என்ற பொருளில் ‘ஓல்ட் ஃப்ரெண்ட்’ என்று எழுதினால் அங்கே ‘யங்’ என்பதும் எதிர்ச்சொல்லாக வராது. ஆகவே அது ‘ஓல்ட்’டின் மூன்றாவது பொருள் என்பதையும் அந்த இடத்திலேயே காட்டிவிடலாம். இந்தச் சோதனை எல்லாச் சொற்களுக்கும் பயன்படும் என்று சொல்ல மாட்டேன். பெயரடைகளுக்கு நன்றாகவே பயன்படும்.

அடுத்தது சொல்லின் சேர்க்கை. “ஒரு சொல்லை அது சேரும் கூட்டத்தைக் கொண்டே அறிவீர்கள்” என்ற கருத்தை ஆங்கில மொழியியலாளர் ஃபர்த் 1957-இல் எழுதினார். தேநீர் ‘ஸ்ட்ராங்’ ஆக இருக்கலாம், ‘பவர்ஃபுல்’ ஆக இருக்க முடியாது. எஞ்சினை ‘பவர்ஃபுல்’ என்பதே வழக்கு. காற்று ‘ஸ்ட்ராங்’, மழை ‘ஹெவி’. மனிதரும் கட்டடமும் ‘டால்’. மனிதரை ‘ஹை’ என்று ஒருபோதும் சொல்வதில்லை. தவறு ‘பிக்’ ஆக இருக்கும், அளவு ‘லார்ஜ்’ ஆக இருக்கும். அக்காவை ‘பிக் சிஸ்டர்’ என்று சொல்வதற்கு மாறாக ‘லார்ஜ் சிஸ்டர்’ என்று சொன்னால் அவருடைய உடற்பருமனைப் பற்றிப் பேசியதாகிவிடும். இதை விளக்கத் தமிழிலேயே நல்ல உதாரணம் கைவசம் இருக்கிறது. சோறு ஊசிப்போகிறது, பால் திரிகிறது, பழம் அழுகுகிறது, எண்ணெய் காறிப்போகிறது. எல்லாமே கெட்டுப்போவதுதான் என்றாலும், சோறு திரிந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் அதேபோல் பால் ‘சவர்’, வெண்ணெய் ‘ரான்சிட்’, முட்டை ‘ராட்டன்’, ரொட்டி ‘ஸ்டேல்’ ஆகிறது. “சோறு ஏன் திரியாது?” என்று பிள்ளைகளிடமே கேட்டுப் பாருங்கள். அதற்கு அவர்கள் என்ன பதில் சொல்கிறார்களோ, அதுவே ‘வெயிட்டி ரெயின்’ வராததற்கும் பதில்.

மூன்றாவது, இலக்கண அமைப்பு. நம் மாணவர்கள் அதிகம் இடறும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். தமிழில் ‘வங்கியைக் கொள்ளையடித்தார்கள்’ என்றும் ‘நகையைக் கொள்ளையடித்தார்கள்’ என்றும் இரண்டு விதமாகவும் சொல்கிறோம். ஆங்கிலத்திலோ ‘ராப்’ என்ற வினைக்கு வங்கியோ மனிதரோ செயப்படுபொருளாக வர வேண்டும். ‘ஸ்டீல்’ என்ற வினைக்கு எடுத்துச் செல்லப்பட்ட பொருளே செயப்படுபொருளாக வர வேண்டும். ‘தே ஸ்டோல் தி பாங்க்’ என்றால் வங்கிக் கட்டடத்தையே பெயர்த்துத் தூக்கிக்கொண்டு போனதாகப் பொருள்படும். அதைப் போலவே ‘ஆன்சர்’ என்பதற்குப் பிறகு கேள்வி நேராக வந்துவிடும். ‘ரிப்ளை’ என்பதற்குப் பிறகு ‘டு’ வேண்டும். ‘டாக் அபவுட்’ என்பது சரியாக இருப்பதால் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்றும் எழுதிவிடுகிறோம். ‘டிஸ்கஸ்’ அந்த ‘அபவுட்’டை ஏற்பதில்லை. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி என்பவர் இந்தத் தொல்லையை நன்கு அறிந்தவர். அவர் தம் துணையாசிரியர்களோடு தொகுத்து 1942-இல் டோக்கியோவில் வெளியான அகராதி, ஒவ்வொரு வினைச்சொல்லும் எந்த வாக்கிய அமைப்பில் வரும் என்பதையும் பொருளோடு சேர்த்தே காட்டியது. பிற்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதி என்று நாம் வாங்கும் தடித்த புத்தகம் அதன் வழிவந்ததுதான். மாணவர்கள் அதில் பொருளை மட்டும் பார்த்துவிட்டு எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் படிக்காமல் மூடிவிடுவதுதான் வருத்தம்.

கைப்பேசி காட்டும் பட்டியலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இத்தகைய பட்டியல்களுக்கெல்லாம் முன்னோடியான சொற்களஞ்சியத்தை 1852-இல் வெளியிட்ட பீட்டர் மார்க் ராஜெட் ஒரு மருத்துவர். லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளராகப் பல ஆண்டுகள் இருந்தவர். தம் சொந்த எழுத்துக்கு உதவியாக 1805-இல் தொடங்கிய தொகுப்பை, எழுபது வயது கடந்த பிறகு விரித்து அச்சுக்குக் கொடுத்தார். அவர் சொற்களை அகர வரிசையில் அடுக்கவில்லை. ஆறு பெரும் பிரிவுகளின் கீழ் ஆயிரம் கருத்துத் தலைப்புகளாக வகுத்தார். நம் பழைய சொற்பொருள் நூல்களான (நிகண்டுகளான) திவாகரமும் பிங்கலமும் தேவர், மக்கள், விலங்கு, மரம் என்று பொருள் வகையால் தொகுதி பிரித்ததை நினைவுகூர்ந்தால் இந்த அமைப்பு நமக்குப் புதிதாகத் தோன்றாது. சொல் தெரிந்து பொருள் தெரியாதவருக்கு அகராதி உதவுகிறது. கருத்து மனத்தில் இருந்தும் சொல் நாவில் வராதவருக்கு உதவுவதற்காக அவர் அதைத் தொகுத்தார். தெரிந்த சொல்லை நினைவூட்டுவதே அதன் வேலை என்பதால்தான் அதில் பொருள் விளக்கம் கிடையாது. உங்கள் மாணவி அதைத் தெரியாத சொல்லைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தியிருக்கிறாள்.


மறுமொழி: பத்திரமொழி

இரண்டாவது கேள்விக்கு மட்டும் நான் எழுதுகிறேன். நீதிமன்ற ஆவணங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவது என் தொழில் என்பதால், ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று சொற்களை அடுக்கும் ஆங்கிலத்தோடு நாள்தோறும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தின் அடித்தளம் ஜெர்மானிய இனத்தைச் சேர்ந்த பழைய ஆங்கிலம். ஒன்பதாம் நூற்றாண்டு முதல் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகளின் நார்ஸ் மொழி அதனோடு கலந்தது. 1066-இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு ஆட்சி செய்தது. திருச்சபையும் கல்வியும் வழியாக லத்தீன் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தது. புதிதாக வந்த சொல் பழைய சொல்லை விரட்டிவிடாமல் பல இடங்களில் அதன் பக்கத்திலேயே அமர்ந்துகொண்டது. அப்படி அமர்ந்தபோது இரண்டும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டன. ‘ஆஸ்க்’ என்பது பழைய ஆங்கிலச் சொல். ‘குவெஸ்சன்’ பிரெஞ்சு வழி வந்தது. ‘இன்டராகேட்’ லத்தீனிலிருந்து வந்தது. தெருவில் வழி கேட்பது முதலாவது. காவலர் சாட்சியிடம் கேட்பது இரண்டாவது. கைதானவரை உட்கார வைத்து விசாரிப்பது மூன்றாவது. மூன்றையும் ‘கேள்’ என்ற ஒரே சொல்லின் கீழ் எழுதிப் படித்தால், “வழியில் ஒரு பெரியவரை இன்டராகேட் செய்தேன்” என்று மாணவர் எழுதுவதில் வியப்பில்லை.

இதுபோன்ற மூன்றடுக்குகள் நிறைய உண்டு. ‘கிங்லி’, ‘ராயல்’, ‘ரீகல்’ ஆகியவை ஒரு வரிசை. ‘ஃபயர்’, ‘ஃப்ளேம்’, ‘கான்ஃப்ளக்ரேஷன்’ ஆகியவை இன்னொரு வரிசை. பொதுவாகப் பழைய ஆங்கிலச் சொல் வீட்டுப் பேச்சுக்கும், லத்தீன் சொல் ஏட்டு நடைக்கும் போயிருக்கின்றன. நார்ஸ் சொற்கள் இந்த ஏணியில் அடங்குவதில்லை. அவையும் வீட்டுச் சொற்களே. ‘சிக்’ பழைய ஆங்கிலம், ‘இல்’ நார்ஸ். இரண்டுக்கும் நோயுற்ற என்பதே பொருள். ஆனால் விடுப்பு ‘சிக் லீவ்’தான். நோயுற்ற குழந்தையைப் பெயருக்கு முன்னால் அடையாக வைத்துச் சொல்லும்போதும் ‘சிக் சைல்டு’ என்பதே இயல்பு. ‘ஸ்கின்’ நார்ஸ், ‘ஹைட்’ பழைய ஆங்கிலம். மனிதருக்கு முதலாவதும், தோல் பதனிடும் தொழிலுக்கு வரும் மாட்டுத் தோலுக்கு இரண்டாவதும் என்று பிரிந்துபோயின.

சட்ட மொழியில் மட்டும் இந்தப் பங்கீடு நடக்கவில்லை. இரண்டு சொற்களையும் கட்டிப்போட்டுச் சேர்த்தே ஓட்டுகிறார்கள். உயிலுக்கு ‘வில் அண்டு டெஸ்டமென்ட்’. அசையும் சொத்துக்கு ‘குட்ஸ் அண்டு சாட்டல்ஸ்’. முதலாவதில் ‘வில்’ ஆங்கிலம், ‘டெஸ்டமென்ட்’ லத்தீன். இரண்டாவதில் ‘குட்ஸ்’ ஆங்கிலம், ‘சாட்டல்ஸ்’ பிரெஞ்சு. நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று 1362-இல் சட்டம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது. இருமொழியாளரும் புரிந்துகொள்ளட்டும் என்றே இந்த இரட்டைச் சொற்கள் பிறந்தன என்று வழக்கமாகச் சொல்வார்கள். அந்த விளக்கம் பாதிதான் உண்மை என்பது என் கருத்து. ஏனெனில் ‘நல் அண்டு வாய்டு’ என்பதில் இரண்டுமே பிரெஞ்சு வழி வந்தவை, ‘டு ஹாவ் அண்டு டு ஹோல்டு’ என்பதில் இரண்டுமே ஆங்கிலம். எந்த ஓட்டையும் இருக்கக் கூடாது என்ற வழக்கறிஞரின் அச்சமும், காதுக்கு இனிமையான ஓசையும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். தமிழில் ‘மீமிசை’, ‘உயர்ந்தோங்கிய’ என்று வருவதை நன்னூல் ஒருபொருட்பன்மொழி என்று கூறி ஏற்றுக்கொள்கிறது அல்லவா? அந்த வகையைச் சேர்ந்தவையே இவை. அதனால் தனித்தனியே வரும் ஒத்த பொருள் சொற்களை ஒருபொருட்பன்மொழி என்று குறிப்பதைத் தவிர்த்தால் தமிழாசிரியர்கள் மகிழ்வார்கள்.


மறுமொழி: ஒருசொல்வாசி

மேலே உள்ள இரண்டு மறுமொழிகளும் சிறப்பாக இருக்கின்றன. ஆனால் மூன்றாவது கேள்வியைத்தான் முதல் கேள்வியாக வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த மாணவி ‘வெயிட்டி’ என்று எழுதக் காரணம், ஒரு சொல் மீண்டும் வருவது குற்றம் என்று யாரோ அவளிடம் சொல்லி வைத்ததுதான். அது குற்றமே அல்ல.

ஆங்கில நடையைப் பற்றி எழுதிய ஃபவுலர், தம் தம்பியோடு சேர்ந்து 1906-இல் வெளியிட்ட நூலிலேயே, சொல் மீள வருவதற்கு அஞ்சி வேண்டாத மாற்றுச்சொல்லைத் தேடி எழுதும் பழக்கத்துக்கு ‘எலிகன்ட் வேரியேஷன்’ என்று ஏளனமாகப் பெயர் சூட்டினார். 1926-இல் வெளியான தம் அகராதியிலும் அதைக் கடுமையாகச் சாடினார். விளையாட்டுச் செய்திகளில் இந்தப் பழக்கத்தை இன்றும் காணலாம். ஒரு வீரரின் பெயரை ஒரு முறை சொல்லிவிட்டு, அடுத்த வரியில் ‘இடக்கை ஆட்டக்காரர்’, அதற்கடுத்த வரியில் ‘சென்னையைச் சேர்ந்தவர்’, பிறகு ‘முன்னாள் கேப்டன்’ என்று மாற்றிக்கொண்டே போனால், மைதானத்தில் நிற்பது ஒருவரா நால்வரா என்ற ஐயம் வாசகருக்கு வந்துவிடும்.

நான் இயந்திரங்களுக்கான பயன்பாட்டுக் கையேடுகளை ஆங்கிலத்தில் எழுதும் வேலையில் இருக்கிறேன். எங்கள் துறையில் ஒரு பொருளுக்கு ஒரே சொல் என்பது கண்டிப்பான விதி. ஒரு பக்கத்தில் ‘ஸ்விட்ச்’ என்று எழுதியதை அடுத்த பக்கத்தில் ‘பட்டன்’ என்றும், பின்னர் ‘கன்ட்ரோல்’ என்றும் எழுதினால், இயந்திரத்தின் முன்னால் நிற்பவர் மூன்று பாகங்களைத் தேடுவார். ஒப்பந்தங்களிலும் அப்படித்தான். ஒரே ஆவணத்தில் சொல் மாறினால் பொருளும் மாறியிருக்கிறது என்று கொள்வதே ஆங்கிலச் சட்ட விளக்க மரபின் பொதுவான தொடக்க நிலை. முதல் பத்தியில் ‘டெனன்ட்’ என்றும் பின்னால் ‘ஆக்குபையர்’ என்றும் எழுதியவர் அழகுக்காக மாற்றினேன் என்று பிறகு சொல்லித் தப்பிக்க முடியாது. பத்திரமொழி அவர்கள் இதை மறுக்க மாட்டார் என நினைக்கிறேன்.

ஆகவே அந்த மாணவி இரண்டாவது வரியிலும் ‘ஹெவி ரெயின்’ என்றே எழுதியிருக்கலாம். இரண்டாவது முறை ‘இட்’ என்று சுட்டியிருக்கலாம். அல்லது பெயரடையே இல்லாமல் மழை என்ன செய்தது என்பதை எழுதியிருக்கலாம். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டால், மழையின் கடுமையைச் சொல்ல இரண்டாவது பெயரடைக்குத் தேவையே இராது.


மறுமொழி: பத்திரமொழி

மறுக்கவில்லை. ஆனால் கட்டுரைக்கும் கையேட்டுக்கும் ஒரே அளவுகோலை வைப்பது சரியா என்று கேட்பேன். பதினைந்து வயதுப் பிள்ளை சொல்வளத்தைப் பெருக்கிக்கொள்ள முயல்வதை ஃபவுலரின் பெயரைச் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. தவறான சொல்லை எடுத்துப் பார்த்துத் திருத்தம் பெறாமல் சரியான சொல் கைவசப்படாது. கையேட்டில் விலக்க வேண்டியதை மாணவர் பயிற்சி ஏட்டில் அனுமதிக்கலாம்.


மறுமொழி: அட்லாண்டிக்கரை

வெளிநாட்டில் பல காலமாக வசித்து வருபவன் என்ற முறையில் இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சொற்களின் பொருள் ஒன்றாக இருந்தாலும், அவற்றில் ஒட்டியிருக்கும் மதிப்பு ஒன்றாக இருப்பதில்லை. உடல் மெலிந்த ஒருவரை ‘ஸ்லிம்’ என்றால் பாராட்டு. ‘தின்’ என்றால் வெறும் செய்தி. ‘ஸ்கின்னி’ என்றால் பெரும்பாலும் குறை. பணத்தைப் பார்த்துச் செலவு செய்பவர் ‘த்ரிஃப்டி’. அதையே வெறுப்போடு சொன்னால் ‘ஸ்டிஞ்சி’. குழந்தையின் கள்ளமின்மையைச் சொல்ல ‘சைல்டுலைக்’, பெரியவரின் சிறுபிள்ளைத்தனத்தைக் கண்டிக்க ‘சைல்டிஷ்’. ‘ஃபேமஸ்’ என்பதற்கு மாற்றாக ‘நொட்டோரியஸ்’ என்று ஒரு வாழ்த்துரையில் எழுதிவிட்டால் விழா நாயகர் குற்றவாளியாகிவிடுவார்.

இதைவிடச் சங்கடமானது, நாம் இந்தியாவில் பழகிய ஆங்கிலச் சொல்லுக்கு மற்ற நாடுகளில் வேறு பொருள் இருப்பது. மணமகள் தேவை விளம்பரங்களில் ‘ஹோம்லி’ என்று எழுதுகிறார்கள். குடும்பப் பாங்கானவர் என்பது நம் கருத்து. அமெரிக்கர் அதைப் படித்தால் அழகில்லாதவர் என்றே புரிந்துகொள்வார். பிரிட்டனில் அதே சொல் ஒரு விடுதியோ வீடோ எளிமையாகவும் வசதியாகவும் இருப்பதைக் குறிக்கும். வகுப்பில் கேள்வி கேட்க எழும் நம் மாணவர் ‘ஐ ஹாவ் எ டவுட்’ என்கிறார். இதை அறியாத ஆங்கிலேய ஆசிரியர், தாம் சொன்னதை மாணவர் நம்பவில்லை என்று எண்ணிவிடக்கூடும். நம் ஊரில் ஒருவர் காலமானதை ‘எக்ஸ்பயர் ஆகிவிட்டார்’ என்று மரியாதையாகச் சொல்கிறோம். அந்தப் பொருள் ஆங்கில அகராதியிலும் உண்டு என்றாலும், இங்கே அன்றாடப் பேச்சில் அந்தச் சொல் பாஸ்போர்ட்டுக்கும் மருந்துப் புட்டிக்கும்தான் வருகிறது; இறந்தவரின் குடும்பத்தாரிடம் ‘பாஸ்டு அவே’ என்றும், செய்தியில் ‘டைடு’ என்றும் சொல்வதே வழக்கம். இவற்றைப் பிழை என்று சொல்லவில்லை. இந்திய ஆங்கிலத்துக்குள் அவை செல்லுபடியாகும் நாணயங்கள்தான். யாருக்காக எழுதுகிறோம் என்பதை மாணவர்கள் அறிந்திருந்தால் போதும்.

பட்டியல்களில் இத்தகைய மதிப்பு வேறுபாடு தெரியாது. நல்ல மாணவர் அகராதிகளில் பொருளுக்கு முன்னால் ‘இன்ஃபார்மல்’, ‘ஃபார்மல்’, ‘டிஸ்அப்ரூவிங்’ என்று சாய்வெழுத்தில் சிறு குறிப்பு இருக்கும். நம் பிள்ளைகளின் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது.


மாலைவகுப்பு (கேள்வி கேட்டவர்)

எல்லோருக்கும் என் நன்றி. எதிர்ச்சொல்லை வைத்துச் சோதிக்கும் முறையை நேற்றே வகுப்பில் செய்து பார்த்தேன். ‘சோறு ஏன் திரியாது’ என்ற கேள்விக்கு ஒரு பையன் “அது சோத்துக்கு வராது சார்” என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டான்; அதன் பிறகு ஆங்கிலப் பகுதியை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. தேர்வில் ஒரே ஒரு சொல்லுக்கு அடிக்கோடிட்டு நான்கு விடைகள் கொடுக்கும்போது, மனப்பாடம் செய்யாத சொல்லாக இருந்தால் பிள்ளைகள் எப்படி அணுக வேண்டும்? எந்த இடத்திலும் மாற்றி எழுதக்கூடிய, முழுக்க முழுக்க ஒத்த இரண்டு சொற்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றனவா?


மறுமொழி: தேர்வுமேசை

போட்டித் தேர்வுகளுக்குப் பயிற்சி அளிப்பவன் என்பதால் முதல் ஐயத்துக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். அடிக்கோடிட்ட சொல்லைப் பார்ப்பதற்கு முன்னால் வாக்கியத்தைப் படிக்கச் சொல்லுங்கள். ‘எ நாவல் ஐடியா’ என்று வந்திருந்தால் விடை ‘நியூ’. வாக்கியத்தைப் படிக்காதவர் ‘புக்’ என்பதைத் தொட்டுவிடுவார். ‘எ கிரேவ் வார்னிங்’ என்று வந்தால் ‘சீரியஸ்’. கல்லறையைக் குறிக்கும் ‘டூம்’ என்ற சொல்லை வலைவிரித்தது போல் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். பிறகு சொல்வகையும் காலமும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். அடிக்கோடிட்டது இறந்தகால வினை என்றால் விடையும் இறந்தகால வினையாகவே இருக்கும். மிஞ்சிய இரண்டில் ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் போட்டு வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்று தானாக விலகிவிடும்.

பிள்ளைகளில் யாராவது பின்னாளில் ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வை எழுதப் போவதாக இருந்தால் இன்னொன்றையும் இப்போதே சொல்லி வையுங்கள். எழுத்துத் தேர்வை மதிப்பிடும் நான்கு அளவுகோல்களில் சொல்வளமும் ஒன்று. நான்குக்கும் சம மதிப்பு. அதனால் வரைபடத்தை விவரிக்கும்போது ‘இன்கிரீஸ்’ என்பதற்கு மாற்றாக வேறு சொற்களைப் பலர் அள்ளித் தெளிக்கிறார்கள். ‘ரைஸ்’ என்பதையும் ‘ரெய்ஸ்’ என்பதையும் குழப்பிக்கொள்கிறார்கள். முன்னது தானாக உயர்வது, பின்னது ஒருவர் உயர்த்துவது. சிறிதளவே ஏறிய கோட்டைப் பார்த்து ‘சோர்டு’ என்று எழுதுகிறார்கள்; அந்தச் சொல் வெகுவேகமாக உயரே போனதற்கு மட்டும் உரியது. அங்கே அது நடைப்பிழை மட்டுமல்ல, வரைபடத்தையே தவறாகப் படித்ததாகிவிடும்.


மறுமொழி: நிகண்டுப்பிரியன்

இரண்டாவது ஐயம் சுவையானது. மிக அருகில் வரும் இணைக்குப் பொதுவாகக் காட்டப்படுவது ‘இன்ஃப்ளேமபிள்’, ‘ஃப்ளேமபிள்’ என்ற இரண்டும்தான். முதலாவதே பழையது, எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதே இரண்டுக்கும் பொருள். முன்னால் உள்ள ‘இன்’ எதிர்மறை அல்ல, லத்தீனில் ‘உள்ளே’ என்ற பொருளுடைய முன்னொட்டு. ஆனால் அதை எதிர்மறை என்று எண்ணி, தீப்பற்றாத பொருள் போலும் என்று மக்கள் கருதிவிடுவார்கள் என்ற அச்சத்தால், அமெரிக்கத் தீத்தடுப்புத் துறையினர் 1920-களில் ‘ஃப்ளேமபிள்’ என்று எழுதும்படி வலியுறுத்தினர். டேங்கர் லாரிகளின் பின்புறம் இரண்டையும் காணலாம். அங்கேயும் முழு ஒற்றுமை இல்லை. உணர்ச்சியைத் தூண்டும் பேச்சை ‘இன்ஃப்ளேமபிள்’ என்று உருவகமாகச் சொல்ல முடியும், ‘ஃப்ளேமபிள்’ அந்த வேலைக்கு வராது.

‘லிஃப்ட்’, ‘எலிவேட்டர்’ போன்றவை பொருளால் ஒன்றே. ஆனால் முன்னது பிரிட்டனுக்கும் நமக்கும் உரியது, பின்னது அமெரிக்காவுக்கு உரியது. ஆகவே ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்து எழுதுவதில்லை.

வகுப்பில் சோதித்துப் பார்க்க வேண்டுமானால் ‘ஆல்மோஸ்ட்’, ‘நியர்லி’ என்ற இணையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மணி ஆகப்போகிறது என்பதற்கு இரண்டில் எதை எழுதினாலும் வேறுபாடு தெரியாது. முழுக்க ஒன்றுதான் என்று பிள்ளைகள் அடித்துச் சொல்வார்கள். பிறகு ‘வெரி’யைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘வெரி நியர்லி’ வரும், ‘வெரி ஆல்மோஸ்ட்’ வராது. ‘நெவர்’ என்பதைச் சேர்த்தால் நேர்மாறாக ‘ஆல்மோஸ்ட் நெவர்’ வரும், ‘நியர்லி நெவர்’ வராது. ‘நோபடி’, ‘நத்திங்’ ஆகியவற்றோடும் ‘ஆல்மோஸ்ட்’ மட்டுமே ஒத்துப்போகும். எதிர்மறைச் சொற்களின் பக்கத்தில் ‘நியர்லி’ நிற்பதில்லை.